கொளஞ்சியப்பர் கோயிலில் உன் மாமனார் பெயர்

அன்புள்ள அருள்,

நீ போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ நாலு வார்த்தை சமாதானம் சொல்லிவிடுவாய். அப்பாவைப் போலவே உனக்கும் சமாதானம் பண்ணுகிற வாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே விழ முடியாது. உன் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிற தமிழ்தான் என்று எனக்குத் தெரியும். அவசரம் ஒன்றுமில்லை, டீ போட்டு வைத்துக்கொண்டு மெதுவாகப் படி. இனேஸ் பக்கத்தில் இருந்தால் அவளுக்கும் படித்துச் சொல். அவளைப் பெற்றவரைப் பற்றி எழுதுவதை அவளுக்கு ஒளித்து எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆனால் ஒன்று, சர்க்கரை தடவிச் சொல்லாதே. நான் காரமாக எழுதியிருந்தால் காரமாகவே சொல்.

இனேஸுக்குப் புரியவேண்டும் என்பதற்காக முதலிலிருந்து சொல்கிறேன். நம் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். போலீஸ் ஸ்டேஷனில் கேட்காத நியாயத்தை, கோர்ட்டில் கிடைக்காத நியாயத்தை நம் ஜனங்கள் அவரிடம் போய்க் கேட்பார்கள். சும்மா கும்பிட்டுக் கேட்பதில்லை. இன்னார் மகள் இன்னார், இந்த ஊரில் இருக்கிற இன்னார் எனக்கு இன்ன அநியாயம் செய்தார், விசாரித்துக் கேட்டுக் கொடுக்கணும் சாமி என்று தாளில் பிராது எழுதி, அவர் காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் முன்னால் இருக்கிற வேலில் கட்டிவிட்டு வரவேண்டும். எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறாரோ அதற்குத் தக்கபடி கட்டணம். சம்மன் கொண்டு போகிறவருக்குப் படிக்காசு கொடுப்பது மாதிரி. நியாயம் கிடைத்ததும் நாமே போய் ராஜினாமா எழுதிக் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள வேண்டும். அதுவரைக்கும் வழக்கு நடந்துகொண்டே இருக்கும். உன் மாமனார் ஆகப்போகிறவர் பேரில் நான் கட்டிய பிராது இத்தனை வருஷமாக நடந்துகொண்டு இருக்கிறது. அதைத்தான் கல்யாணத்துக்கு முன்னால் ராஜினாமா பண்ணச் சொல்கிறாய். அவருக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வருகிறதாம், ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்களாம், இனேஸ் பயப்படுகிறாளாம். "எனக்கு நம்பிக்கை இல்லம்மா, அவளுக்காகத்தான் கேக்குறேன்" என்றாய்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவருக்குக் கண் மங்குகிறது என்று நீ சொன்னதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "அடடா" என்று வாயால் சொன்னேன், உனக்குக் கேட்டிருக்கும். போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் ரசத்துக்குத் தாளித்தேன். அன்றைக்கு ரசம் நன்றாக வந்தது. உங்கள் அப்பா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "என்னா இன்னிக்கு ரொம்ப குஷியா இருக்குற" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. நான் பிராதில் அவருடைய கண்ணைக் கேட்கவில்லை, அது சத்தியம். தண்டனை என்னவென்று சாமிக்கே விட்டிருந்தேன். அவருடைய அப்பாவுக்கும் இதே வயதில் இதே மாதிரி பார்வை போனது என்று நீயே சொன்னாய். வம்சத்தில் வருகிற நோய் என்று எனக்கும் புத்தி சொல்கிறது. இருந்தாலும், சாமி வேறு எங்கேயும் கை வைக்காமல் சரியாகக் கண்ணில் போய்க் கை வைத்திருக்கிறாரே என்று நினைக்கும்போது எனக்கு உள்ளூர ஒரு நிறைவு. இதைப் படித்து நீ முகம் சுளிப்பாய். சுளித்துக்கொள்.

உனக்கு அப்போது பத்து வயது. இங்கே செராமிக் கம்பெனிகளில் கேஸ் விலை ஏறிப்போய்ச் சூளைகள் பாதி நாள் அணைந்து கிடந்த சமயம் அது. சூளைக்காரர்களுக்குப் போர்ச்சுகலில் வேலை இருக்கிறது என்று ஒரு ஏஜெண்டு வந்து ஆள் எடுத்தான். அப்பா முதலில் போனார், பிறகு நாம் இரண்டு பேரும் போனோம். தட்டும் கிண்ணமும் சுடுகிற ஒரு தொழிற்சாலை, அதைச் சுற்றி ஒரு சின்ன ஊர். இங்கே நீ ஓயாமல் வாயடிக்கிற பிள்ளை. பொம்மைக் கம்பெனியில் நான் கண் எழுதுகிற மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு மேலே இருக்கிற பெண்கள் எல்லாருக்கும் பதில் பேசுவாய். அங்கே போனதும் உன் வாய் மூடிக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஷூவைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்காருவாய். யாராவது உன்னோடு விளையாடினார்களா என்று கேட்டால், "விளையாடுனாங்கம்மா" என்பாய். நான் ஒருநாள் பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் பந்து விளையாடிக்கொண்டிருக்க, நீ மட்டும் குழாயடியில் நின்று கையைக் கழுவிக்கொண்டே இருந்தாய். அழுக்கே இல்லாத கையை ஏன் கழுவுகிறாய் என்று எனக்குப் புரிந்தது. சும்மா நிற்கிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதற்காக. அன்றைக்கு நான் அழவில்லை. வூட்டுக்கு வந்து உங்கள் அப்பாவோடு சண்டை போட்டேன், எதற்காக எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தாய் என்று. "நாம பொழைக்க வந்தவங்க. மொதல்ல அப்புடித்தான் இருக்கும், போவப் போவச் சரியாப்பூடும்" என்றார். அந்தப் 'பொழைக்க வந்தவங்க' என்கிற வார்த்தையை அவர் அந்த நாட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, அதற்கு ஏதாவது ஒன்று ஆகி, நீ அந்த வார்த்தையைச் சொன்னாய் என்று கேள்விப்பட்டால் நான் அடுத்த விமானத்தில் வந்து நிற்பேன்.

சரியாகப் போனது, ஆனால் போகப் போக ஆகவில்லை. ஒரே நாளில் ஆனது. கிறிஸ்துமஸுக்கு அந்த ஊர்ச் சதுக்கத்தில் குடில் வைப்பார்கள் அல்லவா, அதற்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு பொம்மை செய்து, தொழிற்சாலைச் சூளையில் சுட்டு வாங்கி, வர்ணம் அடித்துத் தருவார்கள். நீ ஒரு ஆட்டுக்காரனைச் செய்திருந்தாய். மற்றப் பிள்ளைகள் கண்ணுக்கு இரண்டு புள்ளி வைத்துவிட்டு எழுந்து போக, நீ மட்டும் நம் மேசையில் பார்த்த மாதிரியே முதலில் மேல் இமைக் கோடு, பிறகு கீழ்க் கோடு, நடுவில் கருமணி, கடைசியில் அதன் மேல் கடுகளவு வெள்ளை என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடைசி வெள்ளையை வைத்ததும்தான் பொம்மை பார்க்க ஆரம்பிக்கும். அதைப் பார்த்து முதலில் இனேஸ்தான் தன் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று நீ சொன்னாய். பிறகு ஒவ்வொருவராக வரிசையில் நின்றார்கள். ராஜாக்கள், தேவதைகள், கழுதை, மாடு, எல்லாவற்றுக்கும் அன்றைக்கு நீதான் கண் திறந்தாய். உன் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. அதனால் அவர்கள் பாஷையில் 'கண்ணுக்காரன்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நீ சாயங்காலம் வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் அதைச் சொன்னாய். "எல்லாரும் என்னியதாம்மா கூப்புடுறாங்க! எங்கூட ஒக்காருன்னு ரெண்டு பேரு சண்டையே போட்டுக்குறாங்கம்மா!" என்று குதித்தாய். அந்த ஊருக்குப் போய் அன்றைக்குத்தான் உன் தொண்டையை நான் முழுசாகக் கேட்டேன்.

நம் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு, உனக்குத் தெரியும், இனேஸுக்குச் சொல். மை ஈரமாக இருக்கும்போது கோணலாகப் போனால் துணியால் ஒற்றித் திருத்தலாம். காய்ந்த பிறகு, கண் திறந்த பொம்மையின் கண்ணைத் தொடவே கூடாது. சேலைக் கரை தப்பினால் அழிப்போம், மூக்குத்தி தப்பினால் அழிப்போம், கண்ணை அழிக்க மாட்டோம். ஒருமுறை புதிதாக வந்த ஒரு பெண் தெரியாமல் பிளேடால் சுரண்டிவிட்டாள். மேசையில் இருந்த அத்தனை பேரும் பிரஷைக் கீழே வைத்துவிட்டார்கள், முதலாளியே வந்து கற்பூரம் ஏற்றிய பிறகுதான் அன்றைக்கு வேலை ஓடியது. சாமி பொம்மை, செட்டியார் பொம்மை என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது.

குடில் திறக்கிற அன்று சாயங்காலம் ஊரே சதுக்கத்தில் கூடியிருந்தது. நீ என் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் போனாய். விளக்கு போட்டார்கள், எல்லாரும் கை தட்டினார்கள். நீ தட்டவில்லை. "நான் போட்ட கண்ணு எங்கம்மா?" என்று கேட்டாய். குனிந்து பார்த்தேன். அத்தனை பொம்மைக்கும் கண்ணைப் பிளேடு வைத்துச் சுரண்டி எடுத்திருந்தது. சுரண்டின இடம் வெளுத்துத் தெரிந்தது. அதன் நடுவில் மிளகு வைத்த மாதிரி இரண்டு இரண்டு புள்ளி. உன் ஆட்டுக்காரனுக்குப் பிளேடு ஆழமாக விழுந்து கன்னம் வரைக்கும் கீறியிருந்தது. அப்போதுதான் அந்த மனிதர் வந்தார். அவர் பெயரை இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவதில்லை. கொளஞ்சியப்பர் காலடியில் வைத்த தாளில்தான் அதை எழுதினேன், அது போதும். தொழிற்சாலைக்கு அவர்தான் மேனேஜர், குடில் வைக்கிற பொறுப்பும் அவருடையது. சிரித்துக்கொண்டே வந்து உன் தலையைத் தடவினார், என் கையில் ஒரு துண்டு கேக்கை வைத்தார், ஏதோ நீளமாகப் பேசினார். எனக்கு அப்போது அந்தப் பாஷையில் தெரிந்தது 'நன்றி' ஒன்றுதான். நானும் சிரித்து, நன்றி என்றேன். இன்னொரு தரமும் சொன்னேன். அவர் போன பிறகு நீ தலையைக் குனிந்துகொண்டே எனக்குச் சொன்னாய்: "நல்லாத்தான் வரஞ்சிருந்த, ஆனா இது நம்ம ஊரு மூஞ்சி இல்ல, அதான் நானே சரி பண்ணிட்டேன்னு சொல்றாரும்மா."

அருள், அந்தக் கேக் என் கையில் இருந்தது. தின்னவும் முடியவில்லை, எல்லார் முன்னாலும் கீழே போடவும் முடியவில்லை. அவர் சுரண்டியதை அவர் வாயாலேயே சொல்ல, நான் அதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். என் பிள்ளை பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் என்னை எத்தனையோ பேசியிருக்கிறார்கள். உங்கள் அத்தைமார்கள் பேசாத பேச்சா? அதெல்லாம் வந்த வழியே போய்விட்டது. நான் சொன்ன அந்த நன்றி மட்டும் எனக்குச் செரிக்கவே இல்லை. உங்கள் அப்பா பக்கத்தில் வந்து, "எதுவும் கேட்டுடாத, வேல போயிடும்" என்று காதோடு சொன்னார். எப்படிக் கேட்பது? எனக்குப் பாஷையே தெரியாதே. அன்றைக்குப் பாஷை தெரிந்திருந்தால் அந்த ஊர் ஒரு சண்டையைப் பார்த்திருக்கும், நாமும் மறுநாளே பெட்டி கட்டியிருப்போம்.

மறுநாள் நடந்தது உனக்குத்தான் நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் எல்லாரும் சதுக்கத்துக்குப் போனார்கள். குடிலைச் சுற்றியிருந்த கயிற்றைத் தாண்டி முதலில் உள்ளே போனது இனேஸ், தன் சொந்த அப்பா கட்டின கயிற்றை. கறுப்பு மார்க்கர் பேனாவால் அவள் ஆட்டுக்குட்டிக்குக் கண் எழுதினாள், அது கண் மாதிரியே இல்லையாம், வண்டு மாதிரி இருந்ததாம். பிறகு உன்னை உள்ளே இழுத்து, எப்படி என்று காட்டச் சொன்னார்கள். 'முதலில் மேல் கோடு, அவசரப்படாதே, மூச்சை விடாதே' என்று நீ அவர்கள் பாஷையில் சொன்னாய். என் மேசையில் நான் சொல்கிற வார்த்தை அது, உன் வாயில் வேறு பாஷையாகி வந்தது. நான் தகவல் கேட்டு ஓடி வந்தபோது நீ நடுவில் மண்டி போட்டிருந்தாய், அத்தனை தலைகளும் உன்னைச் சுற்றிக் குனிந்திருந்தன. உன்னைக் கூப்பிடவில்லை. தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனேன். இனி இந்தப் பிள்ளை இந்த ஊர்க்காரன், என்னால்கூட இவனைக் கூட்டிக்கொண்டு போக முடியாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. எனக்கு அதில் பெருமையும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது.

ஊர் ஜனங்கள் கோணல் மாணலாக விழித்துக்கொண்டு நிற்கிற குடிலைப் பார்த்துச் சிரித்தார்கள், படம் எடுத்தார்கள், பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். அந்தக் குளிர்காலம் பூராவும் உங்கள் அப்பாவுக்கு ராத்திரி ஷிப்டு போட்டார்கள், காரணத்தை யாரும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் பள்ளிக்கூடமே உன்னைக் கூப்பிட்டுக் கண் எழுதச் சொன்னது. அதற்கடுத்த வருஷமும் நீதான். நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம், நீ அங்கேயே தங்கிவிட்டாய், இன்றைக்கு உனக்கென்று ஒரு பட்டறை, ஊர்ச் சுவரெல்லாம் நீ எழுதின ஓடு, அந்த ஊர்க் குடில் என்றாலே பெரிய கண் என்று பெயர். நல்லபடியாகத்தானே முடிந்தது, பிறகு ஏன் பிராது என்று கேட்கிறாய். பிள்ளைகள் உனக்குச் செய்த நியாயம் வேறு. எனக்கு வரவேண்டிய நியாயம் வேறு. அது யாரும் கொண்டுவந்து கொடுக்காமல் அப்படியே நின்றது. அதனால் அடுத்த லீவுக்கு ஊருக்கு வந்தபோது நேராகக் கோயிலுக்குப் போனேன்.

பிராது எழுதுகிற இடத்தில் இருந்தவர் எதிராளி ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது எங்கம்மா இருக்குது, திட்டக்குடி பக்கமா?"

"கடலுக்கு அந்தாண்டை இருக்குதுங்க. வெளிநாடு."

"வெளிநாட்டு ஆளு மேல இதுவரைக்கும் யாரும் கட்டுனதில்லியேம்மா. தூரத்துக்கு நான் என்னான்னு போடுறது?"

"சாமிக்கு பாஸ்போர்ட்டு வேணுங்களா?"

பக்கத்தில், வரப்புத் தகராறுக்காகக் கம்மாபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, "போடுய்யா, புள்ளயத் தொட்டவன் எங்க இருந்தா என்னா" என்று எனக்காகச் சண்டைக்கு வந்தது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, அவருக்குத் தெரிந்த தூரத்திலேயே பெரிய தூரமாக ஒன்றைப் போட்டு எழுதினார். கட்டிவிட்டு வெளியே வந்து சர்பத் குடித்தேன். அந்தக் கேக்குக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குத் தொண்டையில் இனிப்பு இறங்கியது.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். நீ போன் பண்ணிய இரண்டாவது நாள் உங்கள் அப்பா, சலூனுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனார். திரும்பி வந்தபோது முடி அப்படியே இருந்தது, நெற்றியில் விபூதி இருந்தது. "என்னா, சலூன்ல விபூதி வெச்சு அனுப்புறாங்களா?" என்றேன். மாட்டிக்கொண்டார். எனக்குத் தெரியாமல் போய் ராஜினாமா எழுதித் தரேன் என்று கேட்டிருக்கிறார். பிராது கட்டினவர்தான் வரவேண்டும், புருஷனாக இருந்தாலும் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "உட்டுடுடி. கெழவனாயிட்டாரு. நமக்குச் சம்மந்தி ஆவப்போறாரு. கண்ணு தெரியாம பொண்ணு கல்யாணத்தப் பாக்கணுமா அவுரு?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு யார் மேலேயும் கோபம் நிற்காது. அது நல்ல குணம் என்று நானும் கல்யாணம் ஆன புதிதில் நம்பினேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர் விட்டுக்கொடுத்த ஒவ்வொன்றையும் நான் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன் என்று. நீயும் இனேஸும் குடும்பம் நடத்தும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள். நல்லவன் என்று பெயர் எடுப்பதற்காக அவளுடைய கோபத்தை நீ விட்டுக்கொடுக்காதே. அவள் கோபம் அவளுடையது. கூட நிற்க முடிந்தால் நில், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு இரு.

ஆனாலும் அவர் கேட்டது மனதில் நின்றது. பொண்ணு கல்யாணத்தைப் பார்க்கணுமா வேண்டாமா. இனேஸ் கயிற்றைத் தாண்டின பெண். அவளுக்காக யோசித்தேன். அவளையே கூப்பிட்டு, உன் அப்பாவோடு நான் பேசணும் என்றேன். நீ பட்டறையில் இருந்தாய், உனக்கு இது தெரியாது. அவர் வாயால் ஒரு வார்த்தை, 'அன்றைக்கு நான் செய்தது தப்பு' என்று சொன்னால் போதும், மறுநாளே போய் முடித்துக்கொடுத்துவிடுவது என்று மனதுக்குள் தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் வீடியோவில் உட்கார்ந்தேன். நல்ல சேலை கட்டிக்கொண்டேன். அவர் திரைக்கு மிகக் கிட்ட வந்து, தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் என்னைத் தேடினார். வயதாகித்தான் போயிருக்கிறது. நலம் விசாரித்தோம். பிறகு நான் அந்தக் குடிலைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. 'மறப்பேனா!' என்றார். 'உங்கள் மகன் எழுதின கண்ணை முதன்முதலில் பார்த்துப் பாராட்டி, இது நம் ஊர்க் குடிலில் இருக்கணும் என்று சொன்னவனே நான்தானே! வருகிறவர்களிடமெல்லாம் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன்' என்றார். எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அத்தனை வருஷம் அங்கே இருந்து அந்தப் பாஷையை நான் கற்றுக்கொண்டதே இப்படி ஒரு நாளுக்காகத்தான். 'நீங்கள் பிளேடால் சுரண்டினீர்கள்' என்று அவர் பாஷையிலேயே நேராகச் சொன்னேன். அவர் சிரித்தார். பொய் சொல்கிறவர் சிரிப்பு இல்லை அது. 'நானா? இல்லையே, அப்படி எதுவும் இல்லையே அம்மா' என்றார். பக்கத்தில் இனேஸ் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். நீ சொல்லிக்கொடுத்த தமிழில், "அத்தை, அப்பாவுக்கு நெஜமா மறந்துடுச்சி" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் ஏதாவது காரணம் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் செய்தது சரிதான் என்று சண்டை போட்டிருந்தால் இன்னும் சந்தோஷமாகச் சண்டை போட்டிருப்பேன். மறந்துவிட்டார், அருள். மறந்தது மட்டுமா, அந்த இடத்தில் தனக்கு ஒரு மாலையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். நான் ஒருத்தி இங்கே வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறேன், எதிராளி அங்கே அதே வழக்கில் தன்னை ஜெயித்தவராக நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார். இப்படிப்பட்டவருக்குக் கண் போனால் அது எனக்கு என்ன நியாயம்? எதற்காகப் போனது என்றே அவருக்குத் தெரியப்போவதில்லையே. ஏதோ வியாதி, பாவம் நல்ல மனிதர் என்று ஊர் பரிதாபப்படும். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாவது நாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, பாலக்கரையில் ஆட்டோ பிடித்து மணவாளநல்லூர் போனேன். உங்கள் அப்பா, "ராஜினாமாவா?" என்று ஆவலாகக் கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் கூட வரச்சொல்லவில்லை.

ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். இனேஸிடம் சொல், அவள் அப்பா கண் மேல் இனி என் வழக்கு எதுவும் இல்லை. ஆபரேஷன் நல்லபடியாக நடக்கட்டும், பார்வை திரும்பட்டும், இதை நான் மனதாரச் சொல்லுகிறேன். எழுதிக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றேன். இப்போது அங்கே இருப்பவர் சின்னப் பையன், பழைய ஆளின் மகனாம்.

"வேற என்னாம்மா?"

"புதுசா ஒரு பிராது கட்டணும்."

"யார் மேல?"

நான் பெயரைச் சொன்னேன். அவன் இப்போதுதான் கையெழுத்து வாங்கின தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அதே ஆளும்மா இது. இப்பத்தான வாபஸ் வாங்குனீங்க?"

"அது பழய கேஸு. இது வேற."

"என்னான்னு எழுதட்டும்?"

"ஞாபகம் வரணும்னு எழுதுப்பா."

வேலில் கட்டிவிட்டுத்தான் வந்தேன். சாமி, இந்த மனிதருக்குக் கண்ணை முழுசாகத் திருப்பிக் கொடு, பொண்ணு கல்யாணத்தை நன்றாகப் பார்க்கட்டும், என் பிள்ளையைப் பார்க்கட்டும், என்னையும் பார்க்கட்டும், பார்த்துக்கொண்டு இருக்கும்போதே அந்தப் பிளேடும் அந்தக் கன்னத்துக் கீறலும் நான் சொன்ன நன்றியும் ஒன்று விடாமல் அவருக்கு ஞாபகத்துக்கு வரட்டும். இதுதான் நான் கேட்டிருப்பது. இதற்கு ராஜினாமா கேட்டு நீ போன் பண்ணாதே, உங்கள் அப்பாவைச் சலூனுக்கும் அனுப்பாதே. இனேஸ் இதைக் கேட்டு அழுதால் அழட்டும், பக்கத்தில் இரு. அவள் என் கட்சியா அவள் அப்பா கட்சியா என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன், அவள் இரண்டு பேருக்கும் பெண்ணாக இருக்கட்டும்.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இரண்டு பேரும் வருகிறோம். அவருக்கு ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்திருப்பார்கள். கல்யாணத்தன்று யாரை எங்கே உட்கார வைப்பது என்று முடிவு பண்ணுகிறபோது, எனக்கு அவருக்கு நேர் எதிரில் நாற்காலி போடச் சொல்.

அம்மா